பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்: மின்ட், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதன்பிறகு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து வீடுகளிலும் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளிலும் இருக்கும் பழைய மடிக்கணினிகளைப் பயன்பாட்டில் வைத்திருப்பதா, ஒதுக்கிவிடுவதா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தையதையோ கேட்கிறது. இங்குள்ள மடிக்கணினிகளில் நான் மிகுதியாகக் காண்பவையோ 4 ஜிபி நினைவகமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட பழைய கோர் ஐ3 வகைகள். அத்தகைய ஒன்றை, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை கல்வி அமைச்சின் டெலிமா இணையத் தளத்தில் பாடம் செய்வதற்காகத் தயார்ப்படுத்தும் நோக்கில்தான், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் மூன்று வகைகளான மின்ட், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் ஆகியவற்றை ஒப்பிடுகிறேன்.

மூன்றில் எது குறைந்த நினைவகத்தில் இயங்கும் இலகுவானது என்று கேட்டால் ஐயமின்றி ஆன்டிஎக்ஸ்தான். அடுத்தது லுபுண்டு, அதற்கடுத்து எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைச்சூழலுடன் வரும் மின்ட் பதிப்பு. ஆனால் 4 ஜிபி கணினியில் இந்த வரிசையை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. திரைச்சூழலில் மிச்சமாகும் சில நூறு எம்பி நினைவகத்தை, உலாவியில் பிள்ளை திறக்கும் நான்கைந்து பக்கங்களே விழுங்கிவிடும். கணினி மெதுவாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் பெரும்பாலும் அந்தச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் என்பதால், எந்த லினக்ஸ் என்று யோசிக்கும் முன் சுழலும் பாகமே இல்லாத ஒரு சிறிய எஸ்எஸ்டி சேமிப்பகத்தை வாங்கி மாற்றிவிடுவது நல்லது.

மின்ட்டையும் லுபுண்டுவையும் உண்மையில் பிரித்துக் காட்டுவது இணையச் செலவு. இரண்டும் உபுண்டு என்ற லினக்ஸின் மேல் கட்டப்பட்டவை, இரண்டுமே 64 பிட் செயலிகளில் மட்டும் இயங்குபவை. ஆயினும் லுபுண்டு 24.04 ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை, உபுண்டுவின் தனித் தொகுப்பு முறையான ஸ்னாப் வடிவில் தருகிறது. ஸ்னாப் நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பைத் தேடி, கிடைத்ததைத் தானாகவே இறக்கிக்கொள்ளும் இயல்புடையது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறக்கவும் நேரம் எடுக்கும். மின்ட் 2020இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பை இயல்பாகவே தடுத்துவைத்து, ஃபயர்ஃபாக்ஸைச் சாதாரணத் தொகுப்பாகத் தருகிறது. அதன் புதுப்பிப்புக் கருவி பட்டியலைக் காட்டிவிட்டு நம் அனுமதிக்குக் காத்திருக்கும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில், ப்ரீபெய்ட் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் தோட்டப்புற வீட்டுக்கு இந்த ஒரு வேறுபாடே போதுமான காரணம். ஆதரவுக் காலமும் மின்ட் பக்கமே சாய்கிறது: மின்ட் 22க்கு 2029 வரை, லுபுண்டு 24.04க்கு 2027 ஏப்ரல் வரை.

தமிழ்த் தட்டச்சில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். அமைப்புகளில் இந்திய விசைப்பலகைப் பட்டியலின்கீழ் வேறொரு தமிழ்99 தென்படும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புள்ளி தானாக விழவில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி வரும் விதி, எம்17என் வழியாகத்தான் சரியாக இயங்கும். பள்ளிப் பிள்ளைக்குக் கணினி தரும்போது இதைச் செய்துமுடித்துத் தர வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான பிடிப்பு உண்டு. தமிழில் எழுத வழியில்லாத கணினியில் பிள்ளை தமிழில் எழுதப் பழகாது.

ஆன்டிஎக்ஸுக்கான இடம் வேறு. நினைவகம் 2 ஜிபிக்கும் குறைவாக இருந்தாலோ, 2008இல் வந்த ஆட்டம் என்270 போன்ற 32 பிட் செயலியாக இருந்தாலோ, ஒப்பீட்டுக்கே இடமில்லை. டெபியன் என்ற லினக்ஸின் 12ஆம் பதிப்பின் மேல் அமைந்த ஆன்டிஎக்ஸ் 23க்கு 32 பிட் வடிவம் உண்டு. டெபியன் 13லோ 32 பிட் நிறுவியையே கைவிட்டுவிட்டார்கள். ஆனால் அதன் பட்டியல்களும் வைஃபை இணைக்கும் கருவியும் விண்டோஸ் பழகியவரைத் தடுமாற வைக்கும் என்பதால், பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஒருவர் இருக்கும் வீட்டுக்கே அதைப் பரிந்துரைப்பேன்.

எதைத் தேர்ந்தாலும் நிறுவும் முன் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவிட்டு, பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, வைஃபை, ஒலி, திரை வெளிச்சம் மூன்றையும் சோதிக்க வேண்டும். சில பழைய வைஃபை சில்லுகளுக்குத் தனி இயக்கி தேவைப்படும். அதை இறக்கவும் இணையம் வேண்டுமே என்று திகைக்க வேண்டாம். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து கைப்பேசியின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாகவே ஏற்றுக்கொள்ளும்.