காணி மக்களுக்கு நலக்கல்வி: நோட்டீஸா, வீடியோவா, பட அட்டையா?

பாபநாசம் மலையில், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் காணி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சேர்வலாறு, மயிலாறு, காரையாறு அணைக்கும் அப்பால் இஞ்சிக்குழி என்று குடியிருப்புகள். அங்குள்ள பெரியவர்களிடம் சர்க்கரை, காசநோய், பாம்புக்கடி பற்றிப் பேச எதைக் கையில் கொண்டுபோவது?

நோட்டீஸ் மலிவு. ஆனால் பெரும்பாலும் டவுன்காரருக்காக எழுதியது. சர்க்கரை நோய் நோட்டீஸில் சப்பாத்தியும் ஓட்ஸும் ஆப்பிளும் இருக்கும். மலையில் ஒருவர் கேட்கப்போவது, "மரச்சீனிக் கிழங்கு எவ்வளவு திங்கலாம்?" என்றுதான். கிழங்கில் மாவுச்சத்து அதிகம். அளவைக் குறைத்து, கூடவே மீனும் பயறும் கீரையும் சேர்க்கணும். இந்த இரண்டு வரி இல்லாத நோட்டீஸ், எவ்வளவு வழவழப்பான தாளில் இருந்தாலும் வீண்.

வீடியோவுக்கு எழுத்தறிவு வேண்டாம். சிக்னல் இல்லாவிட்டாலும் மெமரி கார்டில் போட்டுக் கொடுக்கலாம். காணிப் பெண் ஒருவரே தம் பேச்சில் பேசினால் இன்னும் நல்லது. ஆனால் நடுவில் சந்தேகம் வந்தால் போன் பதில் சொல்லாது.

என் ஓட்டு பட அட்டைக்குத்தான். பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். "உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்" என்று அச்சடிப்பது சுலபம். இஞ்சிக்குழியிலிருந்து அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் காடும் தண்ணீரும் தாண்டி வரணுமே, எப்படி? அட்டை அங்கிருந்து தொடங்க வேண்டும். முதல் படத்தில் மோதிரம், கொலுசைக் கழற்றுகிறார்கள். அடுத்ததில் கடிபட்ட காலை அசையாமல் மூங்கில் பட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுகிறார்கள். மூன்றாவதில் அவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். கயிற்றால் இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றின் மேலும் சிவப்புக் குறுக்குக்கோடு. அட்டையைப் பிடித்துப் பேசுபவர் அந்தக் குடியிருப்பு ஆளாக இருந்தால், எந்தத் தடத்தில் இறங்குவது, யாரிடம் வண்டி இருக்கிறது என்பதெல்லாம் அங்கேயே பேசி முடிவாகிவிடும். வேறெதிலும் இது நடக்காது.

அட்டை வரையும்போதே குடியிருப்புத் தலைவரான மூட்டுக்காணியும் வைத்தியம் பார்க்கும் பிலாத்தியும் உடனிருக்கணும். மூலிகை அறிவு அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை அறிவியல் உலகத்துக்குக் காட்டியதே கேரளப் பக்கத்துக் காணிகள்தான். அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு "நாட்டு மருந்து வேண்டாம்" என்று எழுதினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். விஷமுறிவு ஊசி மட்டும் ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும் என்று பிலாத்தியே சொன்னால் கேட்பார்கள்.

அட்டைக்கும் குறை உண்டு. பேசத் தெரிந்த ஆளைப் பழக்க வேண்டும், அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தைத் திட்டத்திலேயே ஒதுக்காதவர்கள் அட்டை அடிக்கவே வேண்டாம்.

நோட்டீஸை அடியோடு விட வேண்டாம். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாத மருந்து. நோயாளியின் சத்துணவுக்கு அரசு முன்பு மாதம் 500 ரூபாய் தந்தது, 2024 நவம்பர் முதல் அது 1000. மருந்து வாங்கும் தேதியும் இந்தத் தொகையும் வீட்டில் ஒரு தாளில் இருக்கட்டும்.

எதைச் செய்தாலும் நூறு பிரதி அடிக்கும் முன் நாலு பெரியவர்களிடம் காட்டி, "இதுல என்ன சொல்லியிருக்கு, நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் வேறு எதையாவது சொன்னால் படத்தை மாற்றி வரையுங்கள்.