வரிசையில நிக்க வைக்கிற கோச்சா, ஆட விடுற கோச்சா?

பசங்களை பாஸ்கட்பால் கிளப்ல சேர்க்கணும், நல்ல அனுபவமுள்ள கோச்சா சொல்லுங்கன்னு யாராவது கேட்டா எனக்கு உடனே பதில் வர மாட்டேங்குது. என் பொண்ணு 11 வயசுல ரெண்டு கிளப் பாத்துட்டா. ரெண்டு கோச்சுக்குமே 20 வருஷத்துக்கு மேல அனுபவம், ரெண்டு பேருமே நல்லா ஆடினவங்க, பசங்க மேல அக்கறையும் உண்டு, ஆனா அதே ஒண்ணரை மணி நேரத்தை ரெண்டு பேரும் செலவு பண்ற விதம் மலைக்கும் மடுவுக்கும்.

முதல் கிளப்ல எல்லாமே வரிசைதான். கோன் (தரையில வைக்கிற பிளாஸ்டிக் கூம்பு) வச்சு டிரிபிள் பண்ண, அதாவது பந்தை தரையில தட்டிக்கிட்டே போக, ஒரு வரிசை, லே-அப்புக்கு (ஓடி வந்து குதிச்சு ரிங் பக்கத்துல இருந்து பந்தை போடறது) ஒரு வரிசை, பாஸுக்கு எதிரெதிரா ரெண்டு வரிசை, கடைசி பத்து நிமிஷம் மேட்ச். வெளிய இருந்து பாக்க அவ்ளோ அழகா இருக்கும், விசில் அடிச்சா ஓடும், விசில் அடிச்சா நிக்கும், பெத்தவங்க எல்லாரும் "ஆஹா என்ன டிசிப்ளின்"னு மயங்கிடுவோம், நானும்தான். ஒரு நாள் சும்மா உக்காந்து எண்ணி பாத்தேன். அரை கோர்ட், ஒரே ரிங், 18 பசங்க. ஒருத்தர் ஓடி லே-அப் போட்டு முடிக்க சுமாரா 6 செகண்டு, அப்போ திரும்ப முறை வர 108 செகண்டு. கால் மணி நேரத்துல என் பொண்ணு போட்ட லே-அப் எட்டு. மீதி நேரமெல்லாம் முன்னாடி நிக்கிறவ ஜடையை பாத்துட்டு நின்னா.

ரெண்டாவது கிளப்ல வார்ம்-அப் முடிஞ்சதுமே மூணுக்கு மூணு ஆட்டம். 12 பசங்க, கோர்ட்டோட ரெண்டு பக்கமும் ஆட்டம் ஓடும், வெளிய நிக்க ஆளே கிடையாது. (ஆள் எண்ணிக்கையே குறைவுங்கறதால இது முழுசா நியாயமான ஒப்பீடு இல்ல, அதையும் சொல்லிடறேன்.) ஆட்டம்னா சும்மா ஆட்டமும் இல்ல, தினம் ஒரு கண்டிஷன் போடுவாரு. இன்னிக்கு மூணு டிரிபிளுக்கு மேல கூடாது, நாளைக்கு மூணு பேரும் பந்தை தொட்டாதான் கூடை செல்லும், இப்படி. சத்தமா இருக்கும், பந்து அங்க இங்க ஓடும், முதல் வாரம் பாத்துட்டு "இது என்ன சந்தைக்கடை"ன்னு நினைச்சேன்.

வித்தியாசம் எங்க தெரிஞ்சுதுன்னா மேட்ச்ல. முதல் கிளப்ல மூணு மாசம் இருந்தப்ப அவளுக்கு இடது கை லே-அப் சுத்தமா வந்துடுச்சு, வலது காலை ஊனி குதிக்கறது, முட்டி தூக்கறது, பந்தை போர்டுல சரியான எடத்துல படவைக்கறது எல்லாம் படம் வரைஞ்ச மாதிரி. அப்புறம் ஒரு சின்ன மேட்ச். இடது பக்கம் மொத்தமா காலியா கிடக்கு, இவ வலது பக்கம் மூணு பேர் நிக்கிற கூட்டத்துக்குள்ள போய் பந்தை பறிகுடுத்துட்டு வரா. கோச் வெளிய நின்னு லெஃப்ட் லெஃப்ட்னு கத்துறாரு. அவளுக்கு லெஃப்ட் தெரியாம இல்ல, லெஃப்ட் காலியா இருக்குன்னு பாக்கத் தெரியல, ஏன்னா வரிசையில எதிர்ல ஆளே நின்னதில்லையே, கோன் வந்து பந்தை பறிக்காது.

ரெண்டாவது கோச் இதை எப்படி சொல்லிக் குடுத்தாருன்னு ஒரு நாள் பக்கத்துல இருந்து பாத்தேன். ஆட்டம் ஓடிட்டிருக்கும்போதே "அப்படியே நில்லுங்க"ன்னாரு, எல்லாரும் சிலை மாதிரி நின்னாங்க. இவகிட்ட வந்து, "ஏம்மா, இப்ப உன் கண்ணுக்கு யாரு தெரியுறா?"
"எனக்கு முன்னாடி நிக்கிறவ மட்டும்தான் சார்."
"அவளுக்கு பின்னாடி?"
எட்டி பாத்தா ரிங்குக்கு கீழ இவ டீம் பொண்ணு தன்னந்தனியா கையை தூக்கிட்டு நிக்குது. அவ்ளோதான், அவர் வேற ஒண்ணும் சொல்லல, "ஆடுங்க"ன்னுட்டு போயிட்டாரு.

ஆனா ரெண்டாவது கிளப்ல குறையே இல்லன்னு சொன்னா அது பொய். நாலே மாசத்துல அந்த சுத்தமான லே-அப் கெட்டுப்போச்சு, இடது பக்கம் போனா தப்பான கால்ல குதிக்கிறா, பிவட் காலை (ஊனி வச்சிருக்க வேண்டிய கால்) தூக்கி டிராவல்ங்கற விதிமீறல்ல மாட்டிக்கறா, யாரும் நிறுத்தி திருத்தறதில்ல. கூச்ச சுபாவம் உள்ள புள்ளைங்க ஆட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்கவும் முடியும், நல்லா ஆடுற ஒரு பையன் இருந்தா பந்து அவன்கிட்டயே சுத்தும்.

பந்து, ரிங் விஷயத்துல மட்டும் ரெண்டாவது கிளப்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. முதல் கிளப்ல எல்லா வயசுக்கும் பெரிய ஆம்பளைங்க ஆடுற 7ஆம் நம்பர் பந்து, அது 600 கிராம் பக்கம் வரும், ரிங் 3.05 மீட்டர். ரெண்டாவது கிளப்ல சர்வதேச பாஸ்கட்பால் கூட்டமைப்பான FIBAவோட, சின்னப் பசங்களுக்கான மினி பாஸ்கட்பால் முறைப்படி 5ஆம் நம்பர் பந்து, அது 500 கிராமுக்குள்ள, ரிங் 2.60 மீட்டர்தான். பெரிய பந்தை தூக்கி உயர ரிங்குக்கு எறியணும்னா குழந்தை இடுப்புல இருந்து தள்ளித்தான் எறியும், அந்த பழக்கத்தை அப்புறம் மாத்தறது பெரும்பாடு.

வரிசை கட்சிக்காரங்க அடிக்கடி இழுக்கிற பேரு ஜான் வுடன். UCLAங்கற அமெரிக்க பல்கலைக்கழக டீமோட கோச், 12 வருஷத்துல 10 NCAA (அமெரிக்க காலேஜ் அளவிலான) சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தவரு, டிரில் (ஒரே பயிற்சியை திரும்பத் திரும்ப பண்றது) மேல டிரில்தான் அவர் பிராக்டிஸ், உண்மைதான். ஆனா 1974-75 சீசன்ல தார்ப், கல்லிமோர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அவர் பிராக்டிஸ்ல உக்காந்து அவர் சொன்னது, செஞ்சு காட்டினது எல்லாத்தையும் எண்ணினாங்க. மொத்தம் 2,326, அதுல முக்கால்வாசி எதை எப்படி செய்யணும்ங்கற தகவல், பாராட்டு 7 சதவீதத்துக்கும் குறைவு, அதிருப்தி காட்டினதும் கிட்டத்தட்ட அவ்ளோதான். சரியா செஞ்சு காட்டுவாரு, அந்த பையன் செஞ்ச தப்பை அப்படியே செஞ்சு காட்டுவாரு, மறுபடி சரியா செஞ்சு காட்டுவாரு. அவர்கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது இதை, ஆனா நம்மாளுங்க எடுத்துக்கறது வரிசையையும் விசிலையும்.

இன்னொரு பக்கம் 1979ல ஷே, மோர்கன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பண்ண சோதனை. கையால சின்ன தடுப்புகளை குறிப்பிட்ட வரிசையில தட்டிவிடற வேலை, பாஸ்கட்பால் இல்ல. ஒரே மாதிரியை திரும்பத் திரும்ப பண்ணவங்க பயிற்சியில நல்லா பண்ணாங்க, கலந்து கலந்து பண்ணவங்க பயிற்சியில திணறினாலும் அப்புறம் வச்ச டெஸ்ட்ல முந்திட்டாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தது முதல் கிளப்போட அழகும் ரெண்டாவது கிளப்போட சந்தைக்கடையும்தான்.

அப்போ ரெண்டாவதுதானான்னு கேட்டா, கோச்சை பொறுத்துதான்னு சொல்லுவேன், நழுவறதுக்காக சொல்லல. வரிசை முறை சுமாரான கோச் கையிலயும் ஓரளவு தாங்கும், ஒண்ணும் இல்லன்னாலும் புள்ளைக்கு காலும் கையுமாவது பழகும். ஆட விடுற முறை சுமாரான கோச் கையில நாறிடும், ஏன்னா பந்தை குடுத்துட்டு ஓரமா உக்காந்து போன் நோண்டுற ஆளும் "நான் ஆட விட்டு கத்துக் குடுக்கிறேன்"னுதான் சொல்லுவாரு. எப்ப நிறுத்தணும், எதை கேக்கணும், எதை பாக்காத மாதிரி விடணும்னு தெரிஞ்சவருக்குத்தான் அது சரிப்படும், அனுபவம் அங்கதான் வேலைக்கு ஆகும். 15 வயசு பையன் முதல் கிளப்ல இருந்தா நான் மாத்த சொல்ல மாட்டேன், அவன் ஏற்கனவே ஆடிப் பழகினவன், சுத்தம் பண்ண வேண்டியது நிறைய இருக்கும். 12க்குள்ளனா, அந்த மாதிரி ஆள் கிடைச்சா, ரெண்டாவது.

நாங்க ரெண்டாவதுலயே இருக்கோம். கால் விஷயத்தை கோச்கிட்ட தயங்கித் தயங்கி சொன்னேன், ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் லே-அப் வச்சாரு, ரிங்குக்கு ரெண்டு பக்கமும் ஆள், பின்னாடி துரத்த ஒருத்தர். போன வாரம் ஒரு மேட்ச்ல அவ இடது பக்கம் காலி பாத்து போனா, சரியான கால்ல குதிச்சா, பந்து ரிங்ல பட்டு வெளிய வந்துடுச்சு. கோச் எழுந்து கை தட்டினாரு. பக்கத்துல இருந்த ஒரு அப்பா என்கிட்ட, "விழவே இல்லையேங்க, எதுக்கு தட்டுறாரு?"ன்னு கேட்டாரு.