பாகிஸ்தான் 1977, மியான்மர் 2021: இரண்டும் ஒன்றா?

தேர்தல் தகராறு, அப்புறம் ராணுவ ஆட்சி என்று இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கிறார்கள், அது சரியில்லை. 1977 மார்ச் தேர்தலில் பாகிஸ்தான் பிரதமர் பூட்டோவின் கட்சி 200 இடங்களில் 155ஐப் பிடித்ததும், முறைகேடு என்று எதிர்க்கட்சிக் கூட்டணி தெருவில் இறங்கி, மாதக்கணக்கில் போராட்டம் நடந்து, அதன் பிறகுதான் ஜூலை 5 அன்று ராணுவத் தளபதி ஜியா ஆட்சியைப் பறித்தார். 90 நாளில் தேர்தல் என்றவர் 1988இல் சாகும்வரை பதவியை விடவில்லை.

மியான்மரில் வரிசையே தலைகீழ். 2020 தேர்தலின் வாக்காளர் பட்டியலில் கோளாறு என்று கிளப்பியதே ராணுவம், தேர்தல் ஆணையம் அதை ஏற்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகத் தெரிகிறது, புகார் கொடுத்தவனே தண்டனையும் கொடுத்துவிட்டான். 2021 பிப்ரவரி 1 அதிகாலையில், தேர்தலில் வென்ற கட்சியின் தலைவி ஆங் சான் சூகியை ராணுவம் கைது செய்த பிறகுதான் மக்கள் திரண்டார்கள். யாங்கூனில் இரவு 8 மணிக்கு வீட்டுக்கு வீடு பாத்திரம் தட்டினார்கள், அரசு மருத்துவர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள்.