கடலூர் மொட்டைமாடியில் 6 அங்குல டாப்சோனியன்: பர்னார்ட் விண்மீனுக்குப் போதுமா?

டாப்சோனியன் என்பது அடித்தளத்தில் உட்கார்த்திக் கையால் தள்ளித் திருப்பும் ஆடித் தொலைநோக்கி; பர்னார்ட் சூரியனுக்கு அருகிலுள்ள ஒரு மங்கலான விண்மீன். விண்மீனுக்கு இது போதும், அதன் கோள்களுக்குப் போதாது. பர்னார்டைச் சுற்றும் 4 கோள்களில் ஒன்றுகூட இதில் தெரியாது. சிலியிலும் ஹவாயிலும் உள்ள 8 மீட்டர் தொலைநோக்கிகளே அவற்றை நேரில் பார்க்கவில்லை. கோள்களின் இழுப்பில் விண்மீன் விநாடிக்கு அரை மீட்டர் அளவே முன்னும் பின்னும் அசைவதை நிறமாலையில் அளந்துதான் 2024-இல் ஒன்றையும் 2025-இல் மற்ற மூன்றையும் அறிவித்தார்கள். எனவே பெட்டியில் அச்சிட்டிருக்கும் "500 மடங்கு" விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம்மூர்க் காற்றில் 150 மடங்கு தாண்டினால் படம் கலங்கிவிடும்.

150 மி.மீ. ஆடி, 1200 மி.மீ. குவியத் தூரம், கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைகள்). இதுதான் இந்த ரகத்தின் வழக்கமான செட். 25 மி.மீ. நன்று: 48 மடங்கு, சுமார் ஒரு டிகிரி வானம். 10 மி.மீ. சுமார் ரகம், பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

தேடும் வழி: ஒஃபியூகஸ் விண்மீன் குழுவிலுள்ள பீட்டா ஒஃபியூகி என்ற விண்மீனிலிருந்து 4 டிகிரி கிழக்கே 66 ஒஃபியூகி என்ற விண்மீன். இரண்டும் ஃபைண்டரில் (குழாய்மேல் பூட்டியிருக்கும் சிறிய தேடு தொலைநோக்கியில்) ஒன்றாக அடங்கும். 66-ஐ ஐபீஸில் பிடித்தால், அங்கிருந்து முக்கால் டிகிரி வடமேற்கில், 9.5 ஒளிப்பொலிவில் (எண் கூடக்கூட மங்கல்), இலேசான ஆரஞ்சுச் சாயலோடு பர்னார்ட். காட்சி தலைகீழாக இருக்கும். மொபைல் வரைபடத்தை 180 டிகிரி திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் கடலூருக்கே உரிய சிக்கல். இந்த விண்மீன் நம் உச்சிக்கு 7 டிகிரி அருகில் கடக்கிறது. உச்சியை நோக்கி நிமிர்ந்த டாப்சோனியனைப் பக்கவாட்டில் நகர்த்துவது பெரும்பாடு. குழாய் தள்ளிய பக்கம் வராது. நேர்க்குழல் ஃபைண்டரில் பார்க்கக் கழுத்தும் ஒடியும். செங்கோண ஃபைண்டர் கண்டிப்பாக வாங்குங்கள். உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள்: மே மாதம் நள்ளிரவையொட்டி, செப்டம்பரில் மேகம் விட்டால் இரவு 9 மணிக்கு.

ஆண்டுக்கு 10.3 வில்விநாடி நகரும் விண்மீன் இது. வேறெந்த விண்மீனும் வானில் இவ்வளவு வேகமாக இடம் மாறுவதில்லை. அக்கம்பக்கத்து விண்மீன்களோடு சேர்த்து ஆண்டுதோறும் ஒரு படம் எடுத்துவந்தால் நான்கைந்து ஆண்டுகளில் வியாழனின் வட்டு அளவுக்கு அது தள்ளிப்போயிருப்பது தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே தொலைநோக்கி வாங்கலாம் என்பது எங்கள் கருத்து.

குறைகளுக்கு வருவோம். அடித்தளம் பார்ட்டிகிள் போர்டு. கடலோர ஈரத்தில் வெட்டு விளிம்பு ஊதி, ஸ்க்ரூ பிடிப்பு தளரும். பூட்டும் முன்பே விளிம்புகளுக்கு இரண்டு கோட் வார்னிஷ் கொடுங்கள். சில்வர் பீச்சுக்குத் தூக்கிப் போகாதீர்கள். உப்புத் துளி ஆடியின் அலுமினியப் பூச்சை அரிக்கும். உள்ளே வைக்கும்போது மூடி போட்டு, குழாயில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஆடியைத் துடைக்கவே கூடாது. தூசி அதிகமானால் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் அலசிச் சாய்த்து உலர்த்துங்கள். கூரியரில் வரும்போது ஆடிகளின் நேர் விலகியிருக்கும். எஃப்/8 (குவியத் தூரம் ஆடி விட்டத்தின் 8 மடங்கு) என்பதால், ஐபீஸ் இடத்தில் செருகி நேர் பார்க்கும் துளையிட்ட கோலிமேஷன் மூடி ஒன்றே சரிசெய்யப் போதும், லேசர் தேவையில்லை.

சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமாவை நம்பி மட்டும் இதை வாங்க வேண்டாம். 11-ஆம் ஒளிப்பொலிவு, தெற்கே அதிகபட்சம் 15 டிகிரி உயரம், அதே திசையில் சிப்காட் வெளிச்சம்.