தொடர்பகத்து லப்டொப்பும் ஒரு ரீமிக்ஸ் உபுண்டுவும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், பிரிண்டும் போட்டோகொப்பியும் எடுக்கும் எங்கள் தொடர்பகத்தில் ஒரு பழைய லப்டொப் இருக்கிறது. 4 ஜிபி ராம். ஒரு பக்கம் பிரிண்ட் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வரலாம், அவ்வளவு வேகம். 2020 கடைசியில் அதில், உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தின் 20.04 பதிப்பை (2020 ஏப்ரலில் வந்தது) அடியாக வைத்துச் செய்த ஒரு கிளைப் பதிப்பைப் போட்டேன். பெயரில் உபுண்டு இருந்தபடியால் உபுண்டுக்காரரே விட்டது என்று நினைத்தேன். பின்னால் ‘ரீமிக்ஸ்’ என்று இருந்ததை யார் பார்த்தது? அங்கீகாரம் கிடைக்காத, வெளியாட்கள் செய்த பதிப்பு என்பதுதான் அதற்கு அர்த்தமாம்.

ஒன்றரை வருடம் குறை சொல்ல இடமில்லை. பிள்ளைகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிக் கொண்டுவரும் கோப்புகளும், அந்த எழுத்துருவைப் போட்ட பிறகு, லிப்ரே ஒபிஸில் ஒழுங்காகத் திறந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்தே, அதாவது மென்பொருள்களை இறக்கும் இடத்திலிருந்தே, நேரடியாக வந்தன. டெஸ்க்டொப், அதாவது திரையில் தெரியும் மெனுவும் ஜன்னல்களும், மட்டும் ரீமிக்ஸைச் செய்தவரின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து.

அங்கேதான் மாட்டினேன். 2022 ஓகஸ்ட்டில், மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து 22.04 பதிப்புக்கு ஏற்றினேன். இப்படி ஏற்றும்போது உபுண்டு வெளிக் களஞ்சியங்களை நிறுத்திவிடும். புதிய பதிப்புக்கான டெஸ்க்டொப்பை ரீமிக்ஸ்காரர் இன்னும் தயார் செய்யவில்லை. காலையில் கடை திறந்த தம்பி, “அண்ணை, கறுப்பாக் கிடக்கு” என்று போன் எடுத்தான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, எழுத்து மட்டும் வரும் திரைக்குப் போய், போன் இன்டர்நெட்டைக் கொடுத்து, லுபுண்டு என்ற அங்கீகாரம் பெற்ற கிளைப் பதிப்பின் டெஸ்க்டொப்பைப் போட்டுத் தப்பினோம். அரை நாள் வியாபாரம் போச்சு.

இதற்காகக் கிளைப் பதிப்புகளைத் தாய்த் திட்டமான உபுண்டு ஒளித்து வைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். உபுண்டு சினமன் என்ற கிளைப் பதிப்பு 2019 இல் ரீமிக்ஸாகத் தொடங்கி 2023 இல், 23.04 உடன், அங்கீகாரம் பெற்றது. உபுண்டு யூனிட்டி என்ற இன்னொன்றுக்கு அது 2022 இலேயே கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் என்னைப் போல யாரோ போட்டுப் பார்த்திருக்காவிட்டால் அவை எங்கே நிமிர்ந்திருக்கும்? தாராளமாகக் காட்டட்டும். ஆனால் எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், எதுவரை திருத்தங்கள் வரும் என்பதைத் தரவிறக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் போடட்டும். அங்கீகாரம் பெற்றவற்றிலும் இந்த வித்தியாசம் உண்டு: 20.04, 22.04 போன்ற நீண்டகாலப் பதிப்பென்றால் உபுண்டுவுக்குத் திருத்தங்கள் 5 வருடம், லுபுண்டு போன்றவற்றுக்கு 3 தான்.

இப்போது லுபுண்டு 24.04 ஓடுகிறது. அதற்குத் திருத்தங்கள் நிற்கும் மாதத்தை, ‘2027 ஏப்ரல்’ என்று, மார்க்கரால் எழுதி லப்டொப் மூடியில் ஒட்டியிருக்கிறேன். போட்டோகொப்பி எடுக்க வருகிறவர்கள் அதை வொறண்டி முடியும் திகதி என்று நினைக்கிறார்கள்.