மாயாவிக்குக் கரண்ட் வேண்டும்: காமிக்ஸ் நாயகர்களோடு ஒரு நெடுநாள் அனுபவம்

ஃபோன், பைக், மிக்ஸி எதை வாங்கினாலும் ஒரு வருடம் கழித்து "இப்போது எப்படி இருக்கிறது" என்று யாராவது எழுதுகிறார்கள். காமிக்ஸ் நாயகர்களுக்கு அப்படி எழுதுபவர்கள் குறைவு. புது இதழ் வந்த வாரத்தில் ஆஹா ஓஹோ, அப்புறம் அலமாரி. நான் பள்ளிக்கூட நாளிலிருந்து முத்து, லயன் என்ற நம்மூர் காமிக்ஸ் இதழ்கள் இரண்டையும் விடாமல் படிக்கிறவன். மறுபதிப்பு வந்தால் கையில் பழசு இருந்தாலும் மறுபடி வாங்குகிற ரகம். யார் தேய்ந்து போனார்கள், யார் இன்னும் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று சொல்லும் அளவுக்குப் புரட்டியாகிவிட்டது. 2026-இல் காமிக்ஸ் படங்களும் வரிசை கட்டி நிற்பதால் அவற்றையும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

இரும்புக்கை மாயாவியிலிருந்து தொடங்குவதுதான் முறை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கிளம்பியபோது முதல் இதழே இவர்தான். மூலம் பிரிட்டன். 'வேலியன்ட்' வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர். கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். மாயாவியின் நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டெல். ஆய்வுக்கூட உதவியாளரான அவருக்கு வலது கை போய் எஃகுக் கை பொருத்தியிருக்கிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் மறையாது. கொஞ்ச நேரத்தில் மின்சாரத்தின் வேகம் இறங்கி உடம்பு மறுபடி தெரிந்துவிடும். இந்த மூன்று வரிதான் மொத்தக் கதைக்கும் முதலீடு.

சின்ன வயதில் மறைந்து போவதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. இப்போது படிக்கும்போது அந்தக் கைதான் எல்லாம் என்று தோன்றுகிறது. பிளாஸ்கோவின் கட்டங்களை நிதானமாகப் பாருங்கள். பாதி இருட்டான அறை. அந்தரத்தில் ஒரு இரும்புக் கை, விரல்கள் லேசாக மடங்கியிருக்கும். அதற்குப் பின்னால் சுவரின் கோடுகள் இடையூறே இல்லாமல் நேராக ஓடும். அறையில் இருப்பவன் கையைப் பார்த்து மிரள்கிறான். நாமோ அந்தக் கை இருக்கும் உயரத்தை வைத்து ஆள் நிமிர்ந்து நிற்கிறாரா, குனிந்து வருகிறாரா என்று கணக்குப் போடுகிறோம். ஓவியர் வரையாமல் விட்ட உடம்பை வாசகன் மனதில் வரைந்துகொள்கிறான். முழுதாக மறைகிற ஆளாக இருந்தால் இந்த வேலை நமக்கு இருந்திருக்காது. பக்கத்தில் பிளக் பாயின்ட் இல்லையென்றால் இவரால் மறையவே முடியாது என்பதும் சேர, ஒவ்வொரு சண்டையிலும் ஒரு பதற்றம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராண்டெல் தொடக்கத்தில் நல்லவர் கிடையாது. மறையும் சக்தி வந்ததும் முதலில் திருட்டுக்குத்தான் போகிறார். பிற்பாடுதான் நிழல் படையின் ரகசிய ஏஜென்ட். அந்த ஏஜென்ட் காலத்தில் விரலில் துப்பாக்கி, விரலில் விஷவாயு என்று கைக்குள் ஏகப்பட்ட சாமான்களை அடைத்துவிட்டார்கள். ரசிகர்கள் பலருக்கு அந்தக் கதைகள்தான் உயிர். எனக்கு அங்கே சுவை குறைகிறது. எல்லாம் கைவசம் இருந்தால் பிளக் பாயின்டை யார் தேடப்போகிறார்கள்? ஒரு நடைமுறை யோசனை: மாயாவியை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். வாரத்துக்குச் சில பக்கம் என்று எழுதிய கதை, அதனால் மூன்று பக்கத்துக்கு ஒரு தரம் உயிர் போகும் ஆபத்து வந்தே தீரும். தொகுப்பாக விழுங்கினால் திகட்டும்.

அதே 1962-ஐக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அந்த ஆண்டுதான் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ஐந்தாவது இதழில் வில்லன் டாக்டர் டூம் வந்தார். 'அமேசிங் ஃபேன்டஸி' பதினைந்தாவது இதழில் ஸ்பைடர்மேன் வந்தார். மூவரும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். அதில் இரண்டு பேருக்கு 2026-இல் தேதி குறித்துப் படம் வருகிறது. நம் ஆள் இன்னும் காத்திருக்கிறார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து ஸ்பைடர். மார்வெல் பையன் இல்லை, நம் கூர்மண்டையர். கூர்காது, கறுப்பு உடை, வலை வீசும் துப்பாக்கி, ஸ்காட்லாந்துக் கோட்டையைக் கல் கல்லாகப் பெயர்த்து அமெரிக்காவில் வைத்துக் குடியிருக்கும் திமிர். 1965-இல் பிரிட்டனின் 'லயன்' இதழில் டெட் கோவன் உருவாக்க, ரெக் பன் வரைந்தார். சீக்கிரமே எழுத்து ஜெரி சீகல் கைக்கு மாறியது. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான அதே சீகல்தான். 1938-இல் அவரும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு, பின்னால் கோர்ட் படியேறி அலைந்தார்கள். அந்த மனிதர் கடல் கடந்த ஒரு பத்திரிகைக்கு எழுதிய நாயகன்தான் 1984-இல் 'எத்தனுக்கு எத்தன்' வழியாகத் தமிழுக்கு வந்து நம் தலைமுறையைப் பிடித்து ஆட்டினான்.

இத்தனை சரித்திரம் இருந்தும் நெடுநாள் பயன்பாட்டில் ஸ்பைடர் தேய்ந்துவிட்டார் என்றுதான் சொல்வேன். அவரால் முடியாதது என்று ஒன்றும் இல்லை. பாட்டிலில் பூதம் வந்தாலும் சரி, வேறு எது வந்தாலும் சரி, கடைசி நான்கு பக்கத்தில் எதையாவது எடுத்து நீட்டித் தப்பிவிடுவார். பத்து வயதில் அதுதான் சொர்க்கம். இப்போது அவருடைய கையாட்கள் ஆர்டினியும் பெல்ஹாமும் முதலாளியிடம் வாங்குகிற திட்டுகளுக்காக மட்டும் புரட்டுகிறேன். தற்பெருமையில் அவரை அடிக்க ஆளில்லை.

கௌபாய் நாயகர் டெக்ஸ் வில்லரிடம் நேர் எதிரான அனுபவம். 1948 செப்டம்பரில் இத்தாலியில் ஜான் லூயிஜி பொனெல்லியும் ஆரேலியோ கலெப்பினியும் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. இரவுக் கழுகார் என்று அழைக்கப்படும் டெக்ஸிடம் புதுசாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது. தோளில் குண்டு உரசும், மதுக்கடையில் நாற்காலி உடையும், ஸ்டீக்கும் வறுத்த உருளைக்கிழங்கும் வரும், கூட்டாளி கார்சன் எதையாவது சொல்லிப் புலம்புவார். எல்லாம் தெரிந்தும் மாதா மாதம் படிக்கிறேன். காரணம் டெக்ஸ் இல்லை, வெள்ளிமுடியார் கார்சன். அவர் ஒருவர் இல்லாவிட்டால் டெக்ஸும் எப்போதோ சலித்திருப்பார்.

நகைச்சுவை கௌபாய் லக்கி லூக்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நாயகனைவிட கொள்ளைக்காரர்களான டால்டன் சகோதரர்கள் நன்றாக இருக்கும் தொடர். வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்க அதைவிட நல்லது கிடையாது.

என் அலமாரியில் ஒரே ஒரு தொகுப்பைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் 'மின்னும் மரணம்' இருக்கும். நாயகன் கேப்டன் டைகர், மூலத்தில் லெஃப்டினன்ட் புளூபெரி. ழான் மிஷேல் ஷார்லியே கதை, ழான் ஜிரோ ஓவியம், தொடக்கம் 1963. நம்மூரில் பகுதி பகுதியாக வந்து, வாசகர்களை வருடக்கணக்கில் ஏங்கவிட்டு, 2015-இல் ஒரே கெட்டி அட்டைப் புத்தகமாக வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் (கான்ஃபெடரேட்) தங்கத்தைத் தேடிப் போகிறார் டைகர். தங்கம் கிடைப்பதற்குப் பதில் திருட்டுப் பட்டம் கிடைக்கிறது. பதவி போகிறது, சிறைக்குப் போகிறார், ஜனாதிபதி கிராண்டைக் கொல்லச் சதி செய்தவர் என்று வேறு மாட்டிவிடுகிறார்கள், அபாச்சே செவ்விந்தியர்களோடு போய் ஒளிகிறார். வருடங்கள் ஓடுகின்றன, மனிதர் மாறுகிறார். ஜிரோவின் ஓவியத்தில் அந்த மாற்றம் முகத்திலேயே தெரியும். தாடி ஏறும், உடை கிழியும், உடைந்த மூக்கு இன்னும் கோணலாகும். முதல் பகுதியில் இருப்பவரையும் கடைசிப் பகுதியில் இருப்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டைகரின் தோழன் ஜிம்மி ஒரு பாட்டில் விஸ்கிக்காகக் காரியத்தைக் கெடுக்கும் இடங்களில் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

சினிமா இவர்களை என்ன செய்தது? 1985-இல் டெக்ஸ் படம் வந்தது. துச்சியோ டெஸ்ஸாரி இயக்கம், ஜூலியானோ ஜெம்மா நாயகன். பொனெல்லியே ஒரு செவ்விந்திய மந்திரவாதியாக வந்து கதை சொல்வார். ஜெம்மா பார்க்க லட்சணமாக இருப்பார், ஆனால் படத்தில் யாருக்கும் அவசரமே இல்லை. 2004-இல் யான் கூனன் இயக்கத்தில் வின்சென்ட் காசல் புளூபெரி ஆனார். அது இன்னும் மோசமான ஏமாற்றம். தங்கச் சுரங்கக் கதையைத் தொட்டுக்கொண்டு மூலிகை போதையில் தெரியும் காட்சிகளாக நிமிடக்கணக்கில் ஓடவிட்டிருந்தார்கள். அதைத் தனியாக ஒரு படமாக எடுத்திருந்தால் ரசித்திருப்பேன், டைகர் பெயர் எதற்கு? எதைச் செய்தாலும் விளைவைத் தலையில் சுமக்கும் மனிதன் அவன். அந்தச் சுமையை இறக்கிவிட்டால் தொப்பி போட்ட யாரோ ஒருவன்.

புத்தகம் என்ற பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய நியூஸ்பிரின்ட் பாக்கெட் சைஸ் இதழ்களில் முதலில் துருப்பிடிப்பது ஸ்டேப்ளர் பின். பின்னைக் கழற்றி நூலால் தைத்துவிட்டால் இன்னும் பல காலம் தாங்கும். பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ராமபாணப் பூச்சிக்கு அலமாரி மூலையில் அந்துருண்டை போதும். இப்போதைய வண்ண இதழ்களின் வழவழப்புக் காகிதம் அழகுதான், டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தால் பாதிக் கட்டம் பளபளப்பில் போய்விடுகிறது. 2010-இல் வந்த 'இரத்தப் படலம்' கருப்பு வெள்ளைத் தொகுப்பு எனக்கு இன்னும் கண்ணுக்கு இதம், கைக்குத்தான் வலி. பழைய இதழ்களைத் தேடுகிறவர்களுக்கு: பின் அட்டையே இல்லாத பிரதிக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் எழுதும் ஹாட்லைன் பக்கமாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

சரி, வரப்போகும் படங்கள். நான் அதிகம் எதிர்பார்ப்பது 'சூப்பர்கேர்ள்'. 2026 ஜூன் 26 என்று அறிவித்திருக்கிறார்கள், மில்லி ஆல்காக் நடிக்கிறார். நம்பிக்கைக்குக் காரணம் மூலக்கதை. டாம் கிங் எழுத, பில்கிஸ் எவலி வரைந்த 'வுமன் ஆஃப் டுமாரோ'. தொடக்கத்தில் காரா, அதாவது சூப்பர்கேர்ள், தன் பிறந்தநாளுக்குக் குடிக்க வேண்டும் என்பதற்காகச் சிவப்புச் சூரியன் உள்ள கிரகமாகப் பார்த்துப் போகிறாள். மஞ்சள் சூரியனுக்கடியில் அவளுக்குப் போதையே ஏறாது. அங்கே சக்தி இல்லாமல் இருக்கும் நேரத்தில் அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்க உதவி கேட்டு ஒரு சிறுமி வருகிறாள். குதிரைக்குப் பதில் விண்வெளி, மற்றபடி அக்மார்க் கௌபாய் கதை. டைகர் ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு படிக்கலாம்.

'ஸ்பைடர்மேன்: பிராண்ட் நியூ டே' ஜூலை 31. இதற்கு முந்தைய படம் 2021-இல் முடிந்த இடம் அருமையான இடம். பீட்டரை உலகமே மறந்துவிட்டது. வாடகை அறை, தையல் மிஷின், கையால் தைத்த உடை. கோடீஸ்வர நண்பர் வாங்கித்தந்த கவசம் எதுவும் இல்லை. அந்த வறுமையை ஒரு படம் முழுக்க இழுத்தால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் மார்வெல் படத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு விருந்தாளி வந்து இறங்குவார் என்ற பயமும் இருக்கிறது.

'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' டிசம்பர் 18. டூமாக ராபர்ட் டவுனி ஜூனியர். 2024 ஜூலையில் சான் டியகோ காமிக்-கான் விழா மேடையில் முகமூடியோடு நின்றவர் அதைக் கழற்றிக் காட்டியதுதான் அறிவிப்பே. கூட்டம் கத்தியது, நானும் ஃபோனில் பார்த்துவிட்டுக் கத்தினேன். ஆனால் டூமின் மொத்தக் கர்வமும் அந்த இரும்பு முகமூடிக்குள்தான் இருக்கிறது. முகத்தைக் காட்ட முடியாத ஒரு வில்லனுக்கு, உலகத்திலேயே அதிகம் தெரிந்த முகத்தைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் கொடுத்த முகத்தை மூடி வைக்கத் தயாரிப்பாளருக்கு மனசு வருமா? முகமூடி கடைசிவரை கழலாமல் இருந்தால் எழுந்து நின்று கைதட்டுவேன்.

இனி நம் ஆள். 'இரும்புக்கை மாயாவி' தன் கனவுப் படம் என்று லோகேஷ் கனகராஜ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சூர்யாவை வைத்து எடுக்கும் பேச்சும் வெகு காலமாக உண்டு. திரைக்கு வரும்போது வரட்டும். வேலியன்ட் கதையையே எடுப்பதாக இருந்தால் அதன் உரிமை 2018-இலிருந்து பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. யார் எடுத்தாலும் கேட்க ஒன்றிரண்டு உண்டு. கை போன கதையைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். முதல் பாதி முழுக்க அவனைத் திருடனாகவே விடுங்கள், தங்கச்சி ஆபரேஷனுக்குத்தான் திருடினான் என்று நியாயம் கற்பிக்க வேண்டாம். அப்புறம் கிராஃபிக்ஸில் உடம்பை நீல நிறக் கோடாகவோ புகையாகவோ காட்டிவிடாதீர்கள். கை மட்டும் தெரிந்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். க்ளைமாக்ஸை மின்வெட்டு நேரத்தில் வையுங்கள்.