இன்டர்நெட் லைன் மாத்துறவங்க கவனம்: "பழசை நாங்களே கட் பண்ணித் தாறோம்"னு சொன்னா நம்ப வேணாம்

28,450 ரூபா. யாருமே பாவிக்காத ஒரு லைனுக்கும் வீட்டுல இல்லாத ஒரு ரவுட்டருக்கும் இன்னைக்கு கவுண்டர்ல எண்ணிக் கட்டின காசு. கட்டாட்டி சட்ட நடவடிக்கைன்னு சட்டத்தரணி கடிதம் அனுப்பியிருந்தாங்க. அது தோட்ட ஆபீஸ்ல கிடந்து, கடைசித் திகதி தாண்டினதுக்குப் பிறகுதான் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்துச்சு.

கம்பனி பேர் எதையும் எழுதப் போறதில்ல. ஒண்ணு வீட்டுக்கு 4ஜி ரவுட்டர் குடுக்கிற கம்பனி, மத்தது ஃபைபர் இழுக்கிற கம்பனி, நடுவுல கமிஷனுக்கு ஆள் பிடிக்கிற ஒரு டீலர். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைன்னு எந்த டவுனுக்குப் போனாலும் இந்த மூணும் இருக்கும். நாளைக்கு வேற பேர்ல, வேற கலர் டீசேர்ட்ல உங்க வாசலுக்கு வரும்.

2025 நவம்பர்ல டித்வா புயல் அடிச்சப்ப கரண்ட் இல்லாம டவர் எல்லாம் படுத்ததை மலையகத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. டவர் பேட்டரி இறங்கிட்டா 4ஜி ரவுட்டர் வெறும் டப்பாதான். அதனால மெயின் ரோட்டுப் போஸ்ட்ல ஃபைபர் வந்தவுடனே மாறலாம்னு நினைக்கிறதுல தப்பே இல்ல. ஏஜன்ட்மார் வர்றதும் சரியா அந்த நேரத்துலதான்.

வந்தவரு கழுத்துல அடையாள அட்டை, கையில டெப், பேச்சு நல்ல தமிழ். "அண்ணே, நீங்க ஒண்ணுக்கும் அலைய வேணாம். பழைய லைனை நாங்களே கட் பண்ணித் தாறோம். இன்னைக்கே கட் பண்ணினாத்தான் இந்த ஒஃபர்." அங்கயே நின்னு பழைய கம்பனி ஹொட்லைனுக்கு ஸ்பீக்கர்ல கோல் எடுத்தாரு. கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சிங்களத்துல கடகடன்னு சொன்னாரு. "ஹரி, ஹரி"ன்னு, அதாவது சரி சரின்னு முடிச்சாரு. ஒரு நிமிஷத்துல எஸ்எம்எஸ் வந்துச்சு: "உங்கள் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது." அதைக் காட்டி, "பாத்தீங்களா, முடிஞ்சுது"ன்னாரு. பிறகு அடெப்டர் வயரை ரவுட்டரைச் சுத்தி ரெண்டு சுத்து சுத்தி, நுனியைச் செருகி, சிம்மோட அப்படியே பைக்குள்ள வச்சாரு. "ஷோரூம்ல குடுத்துட்டு ரிசிட்டை வாட்ஸ்அப்ல அனுப்புறேன்." இவ்வளவும் கண்ணு முன்னால நடக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்?

ரிசிட் வரவே இல்ல.

அந்த எஸ்எம்எஸ்ல என்ன கோரிக்கைன்னு ஒரு வார்த்தை இல்ல. விஷயமே அதுலதான் இருக்கு. கம்பனி சிஸ்டத்துல ரெண்டு விதமான ஓடர் உண்டு: தற்காலிக நிறுத்தம் ஒண்ணு, நிரந்தரத் துண்டிப்பு ஒண்ணு. தற்காலிகத்தை ஃபோன்லயே போடலாம், கணக்கு இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் சொன்னாப் போதும். நெட் நின்னுடும், ஆனா கணக்கு உயிரோட இருக்கும், மாத வாடகை ஓடிக்கிட்டே இருக்கும். நிரந்தரம்னா கணக்குக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம், அடையாள அட்டைப் பிரதி, நிலுவை இல்லாத பில், திருப்பிக் குடுத்த ரவுட்டர் இந்த நாலும் வேணும். ஏஜன்ட் போட்டது தற்காலிகம். அவருக்கு அது போதும். பழைய நெட் நின்னாத்தான் புது லைனுக்கு நீங்க கையெழுத்துப் போடுவீங்க, கையெழுத்து விழுந்தாத்தான் அவருக்குக் கமிஷன்.

இப்ப 28,450 எப்படி வந்துச்சுன்னு பாருங்க. நிறுத்தி வச்ச லைனுக்கு வரியோட மாதம் 2,950 படி 4 மாத பில், 11,800. ஒப்பந்தக் காலம் முடிய முந்தி விலகினதுக்கு 7,500. திருப்பித் தராத ரவுட்டருக்கு 9,150. தோட்டத் தொழிலாளிக்கு 2024ல அறிவிச்ச 1,350 ரூபா நாட்சம்பளத்துல கணக்குப் பார்த்தா 21 முழுப்பேருக்கும், அதாவது 21 நாள் முழுச் சம்பளத்துக்கும், மேல. அதுவும் ஒரு நாள் கூட அரைப்பேர் விழாம.

இதுல ஒப்பந்தக் காலம்கிறதை யாரும் கவனிக்கிறதே இல்ல. ரவுட்டர் "இலவசம்"னு குடுத்தாலோ, பொருத்துற கூலியைக் குறைச்சாலோ அதுக்குப் பின்னால 12 மாசமோ 24 மாசமோ கட்டு இருக்கும். விண்ணப்பத்துக்குப் பின்பக்கத்துல பொடி எழுத்துல, எங்க பக்கம் அனேகமா சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும்தான். நடுவுல பெக்கேஜை மாத்தினா சில இடத்துல அந்தக் காலம் முதல்ல இருந்து திரும்ப எண்ணப்படும். "கூட டேட்டா தாறோம்"னு கோல் வந்து "ஆமா"ன்னு சொன்னதே புது ஒப்பந்தம் ஆகிடுது.

கேட்கப் போனா நடந்தது இதுதான். ஹொட்லைன்ல தமிழுக்கு அமத்தினா பாட்டு ஓடும், கடைசியில எடுக்கிறவர் சிங்களத்துல பேசுவாரு. "முறைப்பாடு பதிவாகியுள்ளது, கிளைக்குப் போங்க." கிளைக்குப் போனா, "இது ஹொட்லைன்ல போட்ட ஓடர், அங்கயே கேளுங்க." துண்டிப்புக் கடிதம் எங்கன்னு கேட்டா, கணக்கு யார் பேர்ல இருக்கோ அவர் நேர்ல வரணுமாம். கணக்கு தம்பி பேர்ல, தம்பி கட்டார்ல. காசு வாங்க மட்டும் தம்பி தேவைப்படல்ல, யார் கட்டினாலும் வாங்கிக்கிறாங்க! புது கம்பனிக்காரங்க, "அவர் எங்க ஊழியர் இல்ல, டீலரோட ஆள்"ன்னு கையை விரிச்சாங்க. டீலர் கடையில, "அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிட்டானே." அந்தப் பையன் கடைசியா ஒரு தடவை ஃபோனை எடுத்து, "குடுத்துட்டேனே அண்ணே"ன்னான். எந்த ஷோரூம்ல, எந்தத் திகதியில? கட். ரவுட்டரோட சீரியல் நம்பர் இன்னமும் சிஸ்டத்துல தம்பி பேர்லதான் கிடக்கு. யார் வீட்டுல எரியுதோ!

அதுவும் எரியாது. வீட்டு 4ஜி சிம்களை அனேகமா ஒரு குறிப்பிட்ட இடத்து டவருக்கு லொக் பண்ணித்தான் குடுப்பாங்க. டிக்கோயாவில குடுத்த சிம்மை பண்டாரவளைக்குக் கொண்டு போனா வேலை செய்யாது. ரவுட்டரும் அந்தக் கம்பனி சிம்முக்கு மட்டும்தான். "செகண்ட் ஹேண்ட் ரவுட்டர், சிம்மோட"ன்னு யாராவது மலிவா வித்தா வாங்கிடாதீங்க.

"இன்னைக்கே கட் பண்ணணும்"கிற அவசரம் இருக்கே, அதுதான் முழுப் பொய். புது லைன் எங்க மழையில நிக்குமான்னு தெரியாம பழசை யாரும் வெட்டக் கூடாது. ஃபைபர் பொருத்தின அன்னைக்கு எல்லாம் பச்சையாத்தான் எரியும். போஸ்ட்ல இருந்து லயத்துக்கு வர்ற மெல்லிய கறுப்புக் கேபிள் தேயிலைக்கு மேலால, சவுக்கு மரத்துக்கு நடுவால வரும். கொப்பு ஒண்ணு சாஞ்சா முடிஞ்சுது. சுவர் மூலையில கேபிளை இறுக்கி மடக்கி கிளிப் அடிச்சிருந்தா வெளிச்சம் அங்கயே கசியும். பெட்டியில எல்ஓஎஸ்னு இருக்கிற லைட் சிவப்பா எரிஞ்சா கேபிள்ல வெளிச்சம் வரல்லன்னு அர்த்தம். ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்றதால ஒண்ணும் ஆகாது. டெக்னீஷியன் போக முந்தி வெளிச்ச அளவை மீட்டர்ல காட்டச் சொல்லுங்க. -20 டிபிஎம் பக்கம் நின்னா நிம்மதி. -27க்கு கிட்ட இருந்தா, இன்னைக்கு வேலை செய்தாலும் ஒரு கிளிப் இறுகினாப் போதும், படுத்துடும். பச்சைக் கலர் கனெக்டரோட நுனியை விரலால தொட விடாதீங்க. விரல் எண்ணெயும் தூசியும் பட்டாலே வெளிச்சம் குறையும். நெட் ஸ்லோன்னு கோல் எடுத்தா "உங்க ஃபோன்ல பிரச்சினை"ன்னுதான் சொல்லுவாங்க.

4ஜிக்கு மாறுறவங்களுக்கு வேற வில்லங்கம். ஏஜன்ட் முத்தத்துல நின்னு தன்னோட ஃபோன்ல வேகம் காட்டுவாரு. உங்க ரவுட்டர் இருக்கப் போறது தகரக் கூரைக்குக் கீழ, கல்லுச் சுவருக்கு உள்ள. தகரம் சிக்னலை மறிக்கும். ரவுட்டர் வைக்கிற இடத்துலயே வச்சு, அதோட செட்டிங் பக்கத்துல ஆர்எஸ்ஆர்பி (சிக்னலோட பலம்) எவ்வளவுன்னு பாருங்க. -80, -90 நல்லது, -110க்குக் கீழ போனா அந்த இடம் சரிவராது. டவர் எதிர் மலையில நேரா தெரிஞ்சா நல்லா இழுக்கும், நடுவுல ஒரு மேடு வந்தாலே போச்சு. இரவு எட்டு மணிக்குப் பாருங்க, எல்லாரும் ஃபோனைக் கையில எடுக்கிற நேரம் அது. காலையில காட்டுற வேகத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் பார்க்க ஒரு மாசம் ரெண்டு லைனும் ஓடட்டும். 2,950 கூடச் செலவாகும்தான், 28,450ஐ விடக் குறைவு.

எப்படி ஒழுங்கா வெட்டுறதுன்னு முழுசா எழுதத்தான் உக்காந்தேன், இந்தக் கோவத்துல வர்ற அளவுக்கு எழுதுறேன். துண்டிப்பை ஃபோன்ல சொல்லாதீங்க, கடிதமாக் குடுங்க. கடிதத்துல "நிரந்தரத் துண்டிப்பு"ங்கிற வார்த்தை கட்டாயம் இருக்கணும், கூடவே கணக்கு இலக்கம், ரவுட்டர் சீரியல் நம்பர், எந்தத் திகதியில இருந்துன்னு. ரெண்டு பிரதி கொண்டு போய் ஒண்ணுல கிளை சீலும் திகதியும் வாங்குங்க. சீல் வைக்க மாட்டோம்னா பதிவுத் தபால்ல போடுங்க, தபால் ரிசிட் உங்க கையில இருக்கும். ஃபோர்ம் குடுத்தா தற்காலிகம், நிரந்தரம்னு ரெண்டு கட்டம் இருக்கும். எதுல அடையாளம் போடுறாங்கன்னு நீங்களே பாருங்க, சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. பில் போடுற திகதிக்கு சில நாளைக்கு முந்தியே போங்க, அந்தத் திகதி தாண்டினா அடுத்த மாசத்தையும் சேர்த்துடுவாங்க. வங்கிக் கார்ட்ல தானா காசு போற மாதிரி வச்சிருந்தா அதையும் நிப்பாட்டுங்க, ஆனா கடைசி பில்லைக் கட்டினதுக்குப் பிறகு.

ரவுட்டர், அடெப்டர், சிம் மூணையும் நீங்களே கவுண்டர்ல வச்சு சீரியல் நம்பர் எழுதின ரிசிட் வாங்குங்க. அடெப்டர் இல்லாட்டி அதுக்கும் காசு கேப்பாங்க. டெப்போசிட் கட்டியிருந்தா திருப்பிக் கேட்டு எழுதிக் குடுங்க, கேக்காட்டித் தரமாட்டாங்க. விலாசம் லயம், டிவிஷன்னு இருந்தா கடிதத்தை நம்பி இருக்காதீங்க, ஃபோன் நம்பரும் எஸ்எம்எஸ்ஸும் போதும்னு எழுத்துல குடுங்க. சட்டத்தரணி கடிதம் நீதிமன்றக் கட்டளை இல்ல, பயந்து உடனே கட்ட முந்தி முழு பில் விபரம் கேளுங்க.

கம்பனி குடுத்த முறைப்பாட்டு இலக்கத்தை வச்சு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு 1900ல சொல்லலாம், எழுதியும் போடலாம். அந்த இலக்கம் இல்லாமப் போனா முதல்ல கம்பனிக்கே திருப்பி அனுப்புவாங்க. டீலர் ஏமாத்தினதுன்னா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 1977.

கணக்கு வெளிநாட்டுல இருக்கிறவங்க பேர்லயோ, கொழும்புல வேலை செய்ற பிள்ளைங்க பேர்லயோ இருந்தா, அவங்க லீவுக்கு வர்ற நேரமே பேரை மாத்திக்குங்க. பழைய ரவுட்டர் இப்ப வீட்டுல இருக்கிறவங்க அதைத் திருப்பி, கீழ இருக்கிற ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வைங்க, ஏஜன்ட் வந்து பையைத் திறக்க முந்தி.